ரேம் விலை ஏறும் காலத்தில் ஓர் இரவுச் சோதனை

2025 டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ‘குருஷல்’ என்ற பெயரில் 29 ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தொழிலிலிருந்து விலகுவதாக அது கூறியது. 2026 பிப்ரவரி இறுதி வரைதான் விநியோகம் என்றும் அறிவித்தது. பாகங்களை வாங்கித் தாங்களே கணினியைப் பொருத்திக்கொள்ளும் இளையர்களுக்கு அது கவலை தந்த செய்தி.

எனக்கும்தான். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு 32 கிகாபைட் ரேம் தேவைப்பட்டது. என்னிடம் இருந்ததோ 16. அதற்குள் பல டிடிஆர்5 ரேம்களின் விலை இரு மடங்கைத் தாண்டியிருந்தது.

ஏன் இந்தத் தட்டுப்பாடு?

உலகின் டிராம் நினைவகத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்கு எச்பிஎம் என்ற அதிவேக நினைவகம் தேவை. ஒரே கொள்ளளவுக்கு, டிடிஆர்5ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தட்டுகளை அது எடுத்துக்கொள்கிறது என்று மைக்ரானே கூறியுள்ளது. அதில் லாபமும் அதிகம். ஆகவே ஆலைகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. மேசைக்கணினிக்கு வருவது குறைகிறது.

இது நமக்குத் தொலைதூரக் கதையும் அன்று. 2025 ஜனவரியில் மைக்ரான் உட்லண்ட்சில் 7 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டில் ஓர் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. அங்கு நடக்கப்போவதும் எச்பிஎம் பணிதான். ஆலை பக்கத்திலேயே வருவதால் மட்டும் நமக்கு ரேம் மலிவாகிவிடாது.

பெட்டியில் உள்ள எண்

விலை ஏறும்போது மாணவர்கள் இரண்டு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, பிறர் பயன்படுத்திய ரேமை வாங்குவது. மற்றொன்று, இருக்கும் ரேமின் வேகத்தைக் கூட்டுவது, அதாவது ஓவர்கிளாக்கிங். இரண்டிலும் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு.

‘டிடிஆர்5 6000’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும், பொருத்தியவுடன் அது பொதுவாக அந்த வேகத்தில் ஓடாது. பெரும்பாலும் 4800 போன்ற அடிப்படை வேகத்தில், 1.1 வோல்ட்டில்தான் ஓடும். பயாஸ் பகுதிக்குச் சென்று இன்டெலின் எக்ஸ்எம்பி அல்லது ஏஎம்டியின் எக்ஸ்போ அமைப்பை இயக்கினால்தான் 6000 கிடைக்கும். அப்போது மின்னழுத்தமும் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு ஏறும். அதுவே ஓவர்கிளாக்கிங்தான். அதனால் செயலியின் உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்று இன்டெல், ஏஎம்டி இரண்டுமே எச்சரிக்கின்றன. ரைசன் 7000 வகைச் செயலிகளுக்கு ஏஎம்டி குறிப்பிட்டுள்ள உச்ச வேகம் இரண்டு ரேம்களுக்கு 5200. நான்கு பொருத்தினால் 3600தான்.

அதனால் பழைய இரண்டு ரேம்களோடு புதியவற்றைச் சேர்க்காமல், பிறர் பயன்படுத்திய 16 கிகாபைட் ரேம்கள் இரண்டை வாங்கி மாற்றினேன். எக்ஸ்போவை இயக்கினேன். கணினி 6000இல் எழுந்தது, விளையாட்டுகளும் ஓடின. எல்லாம் சரி என்று நினைத்தேன்.

நான்காவது நாள், சுருக்கி வைத்திருந்த திட்டப்பணிக் கோப்பு சிதைந்திருப்பதாகக் கணினி சொன்னது. மறுபடி சுருக்கினேன், திறந்தது. இந்த ‘சில நேரம் சரி, சில நேரம் தவறு’தான் நினைவகக் கோளாற்றின் அடையாளம். கணினி நின்றுவிட்டால் நமக்குத் தெரியும். ஓர் எண் மட்டும் மாறி, அப்படியே சேமிக்கப்பட்டால் தெரியாது.

ஓர் இரவு போதும்

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பி விரலியில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமலேயே அதை ஓட்டினேன். முதல் சுற்றில் பிழை இல்லை. இரண்டாவதில் மூன்று பிழைகள். வேகத்தை 5600க்குக் குறைத்து இரவு முழுவதும் விட்டேன். நான்கு சுற்றுகள், ஒரு பிழைகூட இல்லை. விற்றவர் ஏமாற்றவில்லை, ரேமும் பழுதில்லை. என் செயலியும் தாய்ப்பலகையும் அந்த வேகத்தைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தும் வசதி உள்ளதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது சில்லுக்குள் நேரும் சிறு பிழைகளுக்கு மட்டுமே. சில்லுக்கும் செயலிக்கும் இடையே தரவு பயணம் செய்யும் வழியை அது காப்பதில்லை. ஓவர்கிளாக்கிங்கில் அதிகம் தடுமாறுவது அந்த வழிதான்.

அப்படியானால் வேகம் வேண்டாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் கிடைக்கும். 6000, சிஎல்30 என்றால் 10 நானோ விநாடி. பழைய டிடிஆர்4 3200, சிஎல்16 என்றாலும் அதே 10தான். ஒரே நேரத்தில் அனுப்பும் தரவின் அளவில் டிடிஆர்5 முந்துகிறது. ஆனால் கட்டுரை எழுதவும் நிரல் எழுதவும் டிடிஆர்4 வைத்திருப்பவர், இந்த விலையில் பதறி மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

கட்டாயம் வாங்கவேண்டியவர்களுக்கு என் யோசனை இது. ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக வாங்குங்கள். பிறர் பயன்படுத்தியது என்றால், சோதித்துப் பார்த்துத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். முதலில் அடிப்படை வேகத்தில் சோதியுங்கள்; அதிலேயே பிழை வந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். பிறகு எக்ஸ்எம்பியை இயக்கி மீண்டும் சோதியுங்கள். பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்குங்கள். சோதனை முடியும்வரை முக்கியக் கோப்புகளின் நகலை வேறிடத்தில் வைத்திருங்கள்.

ரேம் விலையை நிர்ணயிக்கும் இடத்தில் நாம் இல்லை. வாங்கியதைச் சோதிப்பதற்கு ஒரு காசும் ஆகாது. 6000க்கும் 5600க்கும் உள்ள வேறுபாட்டை என் கண்ணால் காண முடியவில்லை. சிதைந்த கோப்பை மட்டும் கண்ணால் கண்டேன்.