தீர்வே இல்லாத கணக்குக்கு விடை சொல்ற மகராசனுங்க

"தீர்வு இருக்கான்னு தேற்றம் போட்டு நிரூபிக்கிறதெல்லாம் வெட்டி வேலை பாஸ். மேட்லேப்ல போடு, விடை வந்துட்டுப் போகுது."

இஞ்சினியரிங் படிச்சப்போ நானும் இப்படித்தான் பேசித் திரிஞ்சேன். இப்ப யாராச்சும் சொன்னா சண்டைக்குப் போறேன். ஏன்னு சொல்றேன், கேளுங்க மக்கா.

லேன்-எம்டன் சமன்பாடுன்னு ஒண்ணு. நட்சத்திரத்தோட நடுவுல இருந்து மேற்பரப்பு வரைக்கும் அடர்த்தி எப்படிக் குறையுதுன்னு சொல்றது. நடுவுல மதிப்பு 1, சரிவு 0. மேற்பரப்புல மதிப்பு 0. வில்லங்கம் என்னன்னா, உள்ளே 2-ஐ தூரத்தால வகுக்கணும். நடுவுல தூரமே பூஜ்யம்! அப்படியே நிரல் எழுதினா முதல் அடியிலேயே புட்டுக்கும். ஆனா அங்கே சரிவும் பூஜ்யம். சரிவைத் தூரத்தால வகுத்தா −1/3-ஐ நெருங்குதுன்னு காகிதத்துல காட்டினாத்தான் கணக்கு பிழைக்கும்.

இது கூடப் பரவாயில்லை. இதுல பாலிட்ரோப் எண்ணுன்னு ஒண்ணு உண்டு. அது 3-னா 6.897-ல மேற்பரப்பு வந்துடும். 5-னா வரவே வராது. மதிப்பு குறைஞ்சுகிட்டே போகும், பூஜ்யத்தைத் தொடாது. அதாவது அந்த எல்லை மதிப்புக் கணக்குக்குத் தீர்வே கிடையாது. நம்மாளு என்ன பண்ணுவாரு? "0.001-க்குக் கீழே போனா பூஜ்யம்னு வச்சுக்கோ"ம்பாரு. கம்ப்யூட்டரும் கூசாம ஆரம் 1732-ங்கும். 0.0001-னு மாத்துங்க, 17320-ங்கும். பிழைச்செய்தி ஒண்ணும் வராது, படம் கூட அழகா வரும்!

"மாத்திப் பார்த்தா தெரிஞ்சுடுமே"ம்பீங்க. சந்தேகம் வந்தவன்தானே மாத்திப் பார்ப்பான்? அந்தச் சந்தேகத்தை முறையாப் படுறதுக்குப் பேருதான் தேற்றம்.

'இல்லை'ங்கிறதும் விடைதான் சாமி. சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச சந்திரசேகர் 1930-ல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினப்போ போட்ட கணக்கு கடைசியில எங்கே போச்சு? சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல நிறை இருந்தா, வெள்ளைக் குள்ளனா நிலைச்சு நிக்கிற தீர்வே கிடையாதுங்கிற இடத்துக்கு. 1935-ல எடிங்டன் அதைச் சபையிலேயே கேலி பண்ணினார். 1983-ல நோபல் வந்துச்சு.

எங்க சாத்தான்குளம் பக்கம் போர் போடுறதுக்கு முந்தி தண்ணி இருக்கான்னு பார்ப்பாங்க. பார்க்காம "எத்தனை அடி போடலாம்?"னு கேக்குறவனை என்ன சொல்வாங்கன்னு எழுத மாட்டேன், நாலு பேரு படிக்கிற இடம் :-)

பக்கத்து குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ல அடிக்கல் நட்டாச்சு. அங்கே வேலைக்குப் போகப்போற எங்கூருப் பயலுவளுக்காகவாவது சொல்றேன்: முதல்ல 'இருக்கா'ன்னு கேளுங்கலே. 'எவ்வளவு'ங்கிறது அப்புறம்.