சூரியனும் மின்சாரப் பில்லும்

சித்திரை வெயிலை வைதுகொண்டே அதில் வடாம் உலர்த்துவது நமது குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். இப்போது அதே வெயிலில் மின்சாரமும் எடுக்கலாம் என்று சோலார் பேனல் வியாபாரிகள் வீடு வீடாகப் படியேறி வருகிறார்கள். பேனலைப் போட்டுவிட்டால் இருபத்தைந்து வருஷத்துக்குக் கவலையே இல்லை என்பது அவர்களுடைய வாக்கு. அதில் எவ்வளவு மெய், எவ்வளவு வியாபாரம் என்று குடும்பஸ்தர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் விசாரித்துக் கொள்வது நலம்.

மெய்யான பகுதியை முதலில் சொல்லிவிடுவோம். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையார் செய்துகாட்டிய சிலிக்கன் செல், தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் மின்சாரமாக்கிற்று. இன்றைய பேனல் 20 பங்குக்கு மேல் ஆக்குகிறது. மாடியில் சுமார் 100 சதுர அடி இடமிருந்தால் 1 கிலோவாட் பேனல் வைக்கலாம். தமிழ்நாட்டு வெயிலில் அது சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். புகையில்லை, ஓசையில்லை, நிலக்கரி வேண்டுவதில்லை.

ஆனால் லாபம் யாருக்கு? இந்த இடத்தில்தான் வியாபாரி சற்று வேகமாகப் பேசிவிடுகிறார். நம் மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அதிகம் செலவழிப்பவருக்கு மேற்படி யூனிட்டின் விலையும் அதிகம். பேனல் முதலில் குறைப்பது அந்த மேற்படி யூனிட்டுகளைத்தான். குளிர்சாதனம் இரண்டு, மாவரைக்கும் யந்திரம், துணி துவைக்கும் யந்திரம் என்று இருக்கிற வீட்டில் பில் நன்றாகவே இறங்கும். நான்கு விளக்கும் மூன்று விசிறியுமாகக் காலங் கழிக்கும் சிறு குடும்பத்தின் கதை வேறு. 2016-லேயே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்துவிட்டது. அதற்குச் சற்று மேலே செலவழிக்கும் குடும்பம் பேனலில் போட்ட பணத்தைத் திரும்பக் காணப் பல வருஷம் காத்திருக்க வேண்டும்.

2024-ல் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். பேனலும் அதனுள் இருக்கும் செல்லும் இந்நாட்டில் செய்யப்பட்டவையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நாம் மனமார வரவேற்கிறோம். செல்லுக்கு வேண்டிய சிலிக்கன் வில்லைகள் அந்த வருஷத்திலும் பெரும்பாலும் சீனத்திலிருந்தே வந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. சுதேசியம் இதில் பாதி வழிதான் வந்திருக்கிறது. இன்னொன்று: மானியம் வேலை முடிந்து பரிசோதனையும் ஆன பிறகே பாங்குக் கணக்கில் வரும். முழுத் தொகைக்கும் முன்னதாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

பலரும் ஏமாறும் விஷயம் ஒன்றுண்டு. பேனல் இருந்தால் மின்சாரம் நின்றபோதும் விளக்கெரியும் என்று நினைக்கிறார்கள். எரியாது! வாரியத்தின் கம்பியோடு இணைந்த சாதனம், அந்தக் கம்பியில் மின்சாரம் நின்றவுடன், நட்ட நடுப்பகலானாலும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. விளக்கெரிய வேண்டுமானால் பாட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியே வாங்கவேண்டும். பேனல் இருபத்தைந்து வருஷம் உழைத்தாலும் பாட்டரி அவ்வளவு காலம் உழைக்காது; இன்வெர்ட்டரையும் நடுவில் ஒரு முறையாவது மாற்ற நேரும். வியாபாரியின் காகிதத்தில் இந்தச் செலவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நிழல் விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். செல்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. அடுத்த வீட்டுத் தென்னையின் ஒரு மட்டை நிழல் விழுந்தாலும் சங்கிலி முழுவதும் சோர்ந்துவிடக்கூடும். அதற்காகத் தென்னையை வெட்டச் சொல்லிச் சண்டைக்குப் போவது நியாயமன்று. உப்பு நீரால் கழுவினால் வெள்ளைத் திட்டுப் படியும். 2016-ல் வர்தா புயலைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு, பேனலைத் தாங்கும் சட்டம் தளத்தோடு உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டிய அவசியத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் கீழே நடமாடவும் இடமிருக்கும்; வடாத்துக்கு மட்டும் வேறு மூலை பார்க்க வேண்டும்.

சொந்த மாடி உள்ளவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். ஒரே கட்டடத்தில் இருபது குடும்பங்கள் குடியிருக்கும் இடத்தில் மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்? வாடகைக்கு இருப்பவர் எந்த மாடியில் பேனல் வைப்பது? மானியம் வழங்கும் சர்க்கார் இவர்களுக்கும் ஒரு வழி செய்யவேண்டும். பில் கட்டுவதில் அவர்கள் ஒரு நாளும் பின்தங்கியவர்களல்லர்.