மடக்குக் காமிராவின் சிறு கண்

பழைய மடக்குக் காமிராக்களிடத்து நம் மாணவர் சிலர்க்கு அண்மையில் ஓர் ஆர்வம் பிறந்திருக்கின்றது. பாட்டனார் அலமாரியில் உறங்கிக் கிடந்ததை எழுப்புவாரும் உளர். புதுச்சேரிக் காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிற் பேரம் பேசி வாங்குவாரும் உளர். சென்னை மூர் மார்க்கெட் 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையாகாதிருப்பின் அங்கும் சென்றிருப்பர். இவ்வார்வத்தை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்று கூற வேண்டும். வாங்குவோர் துருத்தியை விரித்துப் பார்க்கின்றனர். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கின்றனர். ஷட்டரின் ஒலியைக் காதிற் கேட்டு மகிழ்கின்றனர். வியூபைண்டரை மட்டும் நோக்குவாரில்லை. அச்சிறு கண்ணாடியைச் செம்மை செய்துகொள்ளாமல் பிறரைப் படமெடுக்கப் புகுவது முறையன்று என்பது நமது துணிபு.

காரணம் எளிது. 6 செ.மீ. × 9 செ.மீ. அளவுள்ள மடக்குக் காமிராவில் 120 எண்ணுள்ள பிலிம் சுருளொன்றுக்கு எட்டே படங்கள். கைபேசியைப்போல் நூறு எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழித்துவிட இயலாது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் போன்ற ஊரொன்றில் எண்பது வயது மூதாட்டியொருவர் நம் வேண்டுகோளுக்கிணங்கி, வெளுத்த சேலையை உடுத்துக்கொண்டு திண்ணையில் வந்தமர்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர்க்கு வேறு நல்ல படமே இல்லாதிருக்கலாம். பதினைந்து நாள் கழித்து நாம் கொண்டுசென்று கொடுப்பது நெற்றியோடு நின்றுபோன முகமாயின் அவரிடம் என்ன விடை சொல்வது?

ஓமந்தூரைச் சொன்னமையால் ஒரு செய்தியை இடையே கூற மனம் விழைகின்றது. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராயிருந்த இராமசாமி ரெட்டியார் அவ்வூரினர். அவர் பிற்காலத்தில் வடலூரை அடைந்து வள்ளலார் நெறியில் வாழ்ந்தவர். வள்ளலாரைப் புகைப்படமெடுக்க முயன்றபோது அவர்தம் திருவுருவம் பதியவில்லை என்று அன்பர்கள் வழிவழியாகக் கூறி வருவதைப் பலரும் அறிவர். அஃது அருளாளர் செய்தி. நாம் எடுக்கும் படங்களில் மக்களுடைய தலை பதியாமற்போவதற்கு அத்தகைய காரணம் ஒன்றும் இல்லை. வியூபைண்டரின் கோளாறே காரணம்.

மடக்குக் காமிராக்களிற் பெரும்பாலும் காணப்படுவன இரண்டு வகை. ஒன்று, லென்ஸின் அருகே சிறு பெட்டிபோல் அமைந்திருப்பது. அதன் முன்னே ஒரு லென்ஸும், நடுவே சாய்வாக ஒரு முகக்கண்ணாடியும், மேலே மற்றொரு லென்ஸும் உண்டு. காமிராவை இடுப்பளவிற் பிடித்து, குனிந்து பார்க்கவேண்டும். உருவம் நேராய்த் தோன்றும். ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். வலப்பக்கம் நடக்கும் ஆடு இதில் இடப்பக்கம் நடக்கும். பழகாதவர் ஆட்டைப் பின்தொடர்ந்து காமிராவை எதிர்த்திசையில் திருப்புவதைக் கண்டு நகைக்காதவர் இலர். மேற்கண்ணாடியின் மூலைகள் மறைக்கப்பட்டுச் சிலுவை வடிவாயிருப்பதன் பொருளையும் பலர் அறியார். காமிராவை நெடுக்காகப் பிடித்தால் சிலுவையின் நெடுங்கை மட்டுமே படத்துக்குரியது; குறுக்குக் கையிற் காண்பவை படத்தில் வாரா. குழுப்படங்களில் ஓரத்தில் நின்ற இருவர் காணாமற்போவது பெரும்பாலும் இதனாலேயே. காமிராவைக் குறுக்காகப் பிடிக்குங்கால் பெட்டியையும் ஒரு கால்வட்டம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, காமிராவின் மேல் நிமிர்ந்து நிற்பது. கண்ணோடு சேர்த்துப் பார்ப்பது. முன்னே குழிந்த கண்ணாடி ஒன்று, பின்னே சிறு துளை அல்லது சிறு லென்ஸ். ஆக்பா, ஸைஸ் ஐகான் முதலிய கம்பெனிகளின் பிற்காலக் காமிராக்களில் இதனைக் காணலாம். இரண்டனுள் இதுவே நமக்கு உகந்தது. நம் நாட்டு நண்பகல் வெயிலில் முன்னதன் கண்ணாடியில் வானத்தின் பளபளப்பைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

வாங்கும்போது முதலில் பிலிம் கிடைக்குமா என்று பார்த்தல் வேண்டும். 1901-இல் தோன்றிய 120 பிலிம் இன்றும் கிடைக்கின்றது. கோடக் கம்பெனியார் 620 பிலிமை 1995-இல் நிறுத்திவிட்டனர். ஆயினும் 120 பிலிமை இருட்டறையில் 620 கட்டையிற் சுற்றிப் பயன்படுத்தலாம். 116 எண்ணுள்ள காமிராவோ, எவ்வளவு அழகாயிருப்பினும், தொடக்கக்காரர்க்கு ஆகாது. அடுத்து, வியூபைண்டரின் கீலை விரலால் மெல்ல அசைத்துப் பார்க்க. ஆடினால் அது காட்டும் எல்லையும் ஆடும். நிமிர்ந்து நிற்கும் வகையில் முன்கண்ணாடி உதிர்ந்து வெறுஞ்சட்டம் நிற்பதுண்டு. விற்பவர் “அதன் அமைப்பே அப்படி” என்பார். நம்பற்க.

பழுதுபார்த்தல் அச்சத்துக்குரியதன்று. சிறு பெட்டியில் உருவம் மங்கித் தோன்றினால் பெரும்பாலும் அழுக்கு, அல்லது முகக்கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு அழிந்தது. பூச்சு முன்புறத்தில் இருப்பின் துணியால் துடைத்தவுடன் பூச்சே துணியோடு வந்துவிடும். ஆதலின் ஊதித் தூசியைப் போக்குவதோடு நிற்க. அழிந்துபோயிருப்பின் புதிதாய் ஒரு துண்டு வெட்டி வைத்தல் வேண்டும். வீட்டு முகக்கண்ணாடி ஆகாது. அதன் பூச்சுப் பின்புறத்தில் இருப்பதால் உருவம் இரட்டித்துத் தோன்றும். பழுதாகி எறியப்பட்ட ஸ்கேனர்களுக்குள் முன்புறம் பூச்சுள்ள நீண்ட கண்ணாடித் துண்டுகள் உள்ளன. கண்ணாடி வெட்டுவோரிடம் கொடுத்தால் அளவாக அறுத்துத் தருவர். உடனே ஒட்டும் பசையைத் தொடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்யும். நகப்பூச்சு ஒரு துளி போதும்; வேண்டும்போது பெயர்த்தும் எடுக்கலாம். பழம்பொருளின் மதிப்புக் குறையுமே என்று வருந்துவாரும் உளர். அவர்கள் பழைய துண்டைக் காகிதத்தில் மடித்துக் காமிராவோடு வைத்திருக்கட்டும். பார்வையற்ற காமிராவைப் பெட்டகத்தில் வைத்து வணங்குவதினும் இது மேல்.

உதிர்ந்துபோன முன்கண்ணாடிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையே புகலிடம். கிட்டப்பார்வையுடையார் அணிவதும் குழிந்த கண்ணாடியே. அதன் திறன் கூடுந்தோறும் காணும் பரப்பு விரியும். எத்திறன் பொருந்தும் என்பதைப் பின்வரும் சோதனையால் அறியலாம்.

காமிராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் கிடக்கும் சாளரத்தின்மேல் வெண்ணெய்க் காகிதத்தைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டுக. காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தபடியே நிற்கச் செய்க. எதிரே சுவரிற் சுண்ணக்கட்டியால் கோடுகள் இட்டுவைத்தால், தலையிற் கருப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு பார்க்குங்கால் அவை காகிதத்தில் தலைகீழாய்த் தோன்றும். படத்தில் விழப்போவது அதுவே. பின்னர் வியூபைண்டரில் நோக்கி, அது எந்தக் கோடு வரை காட்டுகின்றதென ஒப்பிடுக. அரைமணி நேரத்து வேலை. ஒரு பிலிமும் வீணாவதில்லை.

சோதனையில் எல்லாம் ஒத்துவந்தாலும் அருகிலுள்ளாரை எடுக்குங்கால் ஓர் ஏமாற்றம் உண்டு. மேலே நிற்கும் வியூபைண்டர் லென்ஸுக்கு 5 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது காண்பதினும் 5 செ.மீ. தாழ்வாகவே லென்ஸ் காணும். கோபுரத்தை எடுப்பார்க்கு இது பொருட்டன்று. 105 மி.மீ. லென்ஸுள்ள காமிராவைக் குறுக்காகப் பிடித்து ஒன்றரை மீட்டரில் ஒருவரை எடுத்தால், படத்தில் அடங்கும் உயரம் ஏறக்குறைய 75 செ.மீ. அதிற் பதினைந்தில் ஒரு பங்கு மேலே வெட்டுண்டு போகும். மூதாட்டியின் நெற்றி நின்றுபோனது இங்கேதான். தலைக்குமேல் இரு விரற்கடை கூடுதலாக இடம் விடுவதே பரிகாரம்.

இத்தனை தொல்லை எதற்கு, கைபேசியைக் காமிராவின் தலையில் கட்டி அதிற் பார்த்தால் என்ன என்று மாணவர் ஒருவர் நம்மைக் கேட்டார். பார்க்கலாம். ஆனால் கைபேசியின் பார்வைக் கோணம் வேறு, மடக்குக் காமிராவின் கோணம் வேறு. இரண்டையும் ஒப்பிட்டு எல்லை வரைய மீண்டும் அந்த வெண்ணெய்க் காகிதத்துக்கே வரவேண்டும். மேலும், திரையை நோக்குவோர் எதிரில் அமர்ந்திருப்பவரை நோக்குவதில்லை.

கண்ணாடியே வேண்டாம் என்பார்க்கு ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி போதும். பிலிம் சாளரத்தின் நீள அகலங்களை அளந்து அவ்வளவே சட்டமாக வளைக்க. கண்வைக்கும் துளையிலிருந்து சட்டம் லென்ஸின் குவிய நீளத்துக்குச் சமமான தூரத்தில் நிற்கவேண்டும், 105 மி.மீ. லென்ஸாயின் பத்தரை செ.மீ. தூரம் மிகையெனத் தோன்றினால் தூரத்தையும் சட்டத்தையும் ஒருசேரப் பாதியாக்கலாம். இரண்டையும் மெல்லிய மரச்சட்டமொன்றிற் பொருத்தி, ரப்பர் வளையத்தால் காமிராவின்மேல் இறுகக் கட்டுக. காமிராவிற் புதுத் துளை இடவேண்டியதில்லை. மடக்கி வைக்கும்போது கழற்றிப் பையிற் போட்டுக்கொள்ளலாம்.