கட்டில் அலங்காரத்துக்கும் கேக்குக்கும் நடுவே ஒரு கடல்

அந்தமான் ஹனிமூன் பேக்கேஜ் விளம்பரங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் பட்டியல் ஒன்றேதான். ஐந்து பகல், நான்கு இரவு. செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, பூ அலங்காரக் கட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சாப்பாடு, கேக். இவற்றுக்கு நடுவே ‘ஸ்கூபா டைவிங், வீடியோ இலவசம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஸ்கூபாமேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. கல்யாணமான கையோடு ஹேவ்லாக் தீவில் அதை முறையாகப் படித்துத் தேறியவள் நான். (2018-இல் அரசு அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டது. படகுத்துறையில் இன்னும் ஹேவ்லாக்தான்.)

பேக்கேஜில் வருவது வெள்ளோட்டம். அரை மணி நேரம் பாடம், இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்சம் பழக்கம். பிறகு பயிற்றுநர் நம் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, காய்கறித் தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோல் நம்மைத் தள்ளிக்கொண்டு போவார். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. 12 மீட்டர் ஆழத்தைத் தாண்டக்கூடாது. பெரும்பாலும் அதற்கு மேலேயே முடிந்துவிடும். முறையான ‘ஓப்பன் வாட்டர்’ படிப்பு வேறு. மூன்று நான்கு நாள் ஆகும். 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும், கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். தேறினால் 18 மீட்டர் வரை போகலாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆழத்தில் இல்லை. தண்ணீருக்கடியில் நம் உடம்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது. அழுத்தம் பாதியானால் காற்று இரண்டு மடங்காக விரியும் என்பது 1662-இல் ராபர்ட் பாயில் சொன்ன விதி. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதுதான். அந்த ஆழத்தில் நிரம்ப மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு ஒருவர் பயந்து மேலே பாய்ந்தால், நெஞ்சுக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துபோகலாம். ஆகவே ஸ்கூபாவின் முதல் பாடம், மூச்சை ஒருபோதும் அடக்காதே. தண்ணீரைக் கண்டாலே மூச்சை அடக்கத்தான் நமக்குத் தெரியும். ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் அதைத்தான் பழகினோம். அந்தப் பழக்கத்தை அரை மணி நேரப் பேச்சில் மாற்றிவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

படிப்பில் எனக்கு மிகச் சிரமமாக இருந்தது மாஸ்க் பயிற்சி. மாஸ்க்கின் மேல்விளிம்பை விரலால் தூக்கி, வேண்டுமென்றே உள்ளே தண்ணீரை விட வேண்டும். கண் எரியும், மூக்குக்குள் உப்புநீர் ஏறப் பார்க்கும். அப்போது வாயில் இருக்கும் ரெகுலேட்டர் வழியாக அமைதியாக மூச்சை இழுத்து, தலையை அண்ணாந்து, மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊத வேண்டும். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறும். சொல்ல எளிது. ஒவ்வொரு முறையும் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே மேலே உதைத்தன. நின்று நிதானித்து, மறுபடி மறுபடி செய்து, கடைசியில் கால்கள் அடங்கின. பேக்கேஜ் வெள்ளோட்டத்தில் இப்படிப் பயந்து தெளிய அவகாசமே கிடையாது. அடுத்த ஜோடி வரிசையில் நிற்கும்.

அந்த வரிசையில்தான் ஒரு தம்பதியைப் பார்த்தேன். பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கம். உடல்நலப் படிவத்தை நீட்டினார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, இதயக் கோளாறு, காதில் அறுவை சிகிச்சை, கர்ப்பமா என்று ஆங்கிலத்தில் வரிசையாகக் கேள்விகள். இரண்டு படிவத்தையும் கணவரே வாங்கி, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு இழுத்துக்கொண்டே போனார். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “அதெல்லாம் சின்ன வயசுலதானே” என்றார் அவர். அவள் கையெழுத்துப் போட்டாள். கவுன்டரில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லபடியாகத்தான் திரும்பி வந்தாள், வீடியோவும் கிடைத்தது. ஆனால் அந்தப் படிவத்தில் அவளுடையது என்று கையெழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

கருவுற்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே டைவ் செய்யக்கூடாது என்பது விதி. கல்யாணமாகிச் சில நாளே ஆன ஒரு பெண், புதுக் கணவரும் முன்பின் தெரியாத ஒரு பையனும் நிற்கும் கவுன்டரில், தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? டைவ் கடைக்காரர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். சென்னையிலிருந்து நேர் விமானத்தில் இத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள். படிவத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள். பணம் கட்டும்போதே இருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டு டாக்டரைக் கேட்டுவிட்டு நிரப்பட்டும்.

ஜோடியாக இறங்க வேண்டும் என்ற ஆசைக்கு உடம்பு கட்டுப்படாது என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. கல்யாண மண்டப ஏசி, ஐஸ்கிரீம், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் சேர்ந்து என் கணவருக்கு ஜலதோஷம். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் காதுக்குள் ‘டப்’ என்று திறந்து அழுத்தம் சமனாக வேண்டும். சளி அடைத்தால் திறக்காது. பிடிவாதமாக இறங்கினால் செவிப்பறை போய்விடும். இரண்டு மீட்டரிலேயே வலிக்கிறது என்று கை காட்டினார். பயிற்றுநர் அவரைப் படகில் ஏற்றிவிட்டு, என்னை மட்டும் அழைத்துப் போனார். ஊருக்கு வந்து இதைச் சொன்னதும் மாமியார் கேட்டார்: “புருஷனை மேல விட்டுட்டு நீ மட்டும் உள்ள போனியா?” ஆமாம், அத்தை. சளி இறங்கியதும் விட்ட பாடத்தை அவர் முடித்தார். நாங்கள் நாள் ஒதுக்கியிருந்ததால் அது முடிந்தது. பேக்கேஜில் போயிருந்தால், கொடுத்த காசு வீணாகக்கூடாதென்று காதைப் பணயம் வைத்திருப்பார்.

எங்கள் பயிற்றுநர் மாயாபந்தர் பக்கத்துக் கரேன் இளைஞர். 1925-இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய சமூகம். கடல் அவர்களுக்குக் கைவந்த தொழில். கரையில் அவர் இந்தியும் என் மதுரைத் தமிழும் முட்டிக்கொண்டன. தண்ணீருக்குள் கையாலேயே எல்லாம் முடிந்தது. அங்கே கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். கேமராவைப் பார்த்து ‘சூப்பர்’ காட்டிய புது மாப்பிள்ளைகள் பலரைப் பயிற்றுநர்கள் கடமை தவறாமல் மேலே கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம்.

ஆழம் போகப் போகச் சிவப்பு நிறம்தான் முதலில் மறைகிறது. என் கையில் சிவக்கச் சிவக்க இருந்த மருதாணி அங்கே கறுத்துப்போய் மை தீற்றியதுபோல் தெரிந்தது. பயிற்றுநர் டார்ச் அடித்ததும் அத்தனை சிவப்பும் திரும்பி வந்தது. பாறை இடுக்கில் ஒரு மொரே விலாங்கு எங்களைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மிரட்டவில்லை, அது மூச்சுவிடும் விதமே அப்படித்தான். இதையெல்லாம் நின்று பார்க்க வேண்டுமானால் ஒரே மட்டத்தில் அசையாமல் மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் பவளத்தின்மேல் காலை ஊன்றுவார். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறைக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பு உண்டு. ஆனால் ஊன்றுகிற கால் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை.

பேக்கேஜ் எழுதுகிறவர்கள் கவனிக்காத இன்னொன்று விமானம். ஒரே ஒரு டைவ் செய்திருந்தாலும் 12 மணி நேரம், பல நாள் டைவ் செய்திருந்தால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அத்தனை நேரம் வேண்டும். காலையில் நார்த் பே தீவில் டைவ், மதியம் சென்னை விமானம் என்று யாராவது அட்டவணை கொடுத்தால் வாங்காதீர்கள். டைவ் முதலில், சிறையும் கடைவீதியும் கடைசியில்.

நிச்சயதார்த்தம் முடிந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கூபாவை நீக்கிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் நீச்சல் பழகுங்கள். பாடப் பகுதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடிக்கலாம். ஹேவ்லாக்கில் கூடுதலாக மூன்று நாள் போடுங்கள். புதுத் தாலிக்கயிறு வெட்சூட்டுக்குள் அடங்கிவிடும், கவலை வேண்டாம்; நெக்லஸ், தொங்கட்டான் அறையில் இருக்கட்டும். தை, மாசி, பங்குனி முகூர்த்தக்காரர்களுக்குக் கடல் தெளிவாக இருக்கும். ஆவணியில் கல்யாணம் என்றால் அங்கே மழைக்காலம், அலை அதிகம்; டிக்கெட்டை ஜனவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.