சொந்த வண்டி உடையவர்க்கு மட்டும்

சுற்றுலாவிற் கலந்துகொள்வோர் சொந்தத் துவிச்சக்கரவண்டி உடையவராய் இருத்தல் வேண்டும் என்பது இவ்வாண்டுச் சுற்றறிக்கையின் மூன்றாம் விதி. சென்ற ஆண்டு இவ்விதி இல்லை. அது ஏன் புதிதாய் முளைத்தது என்பதை நாங்கள் அறிவோம். எங்கள் பிள்ளைகளை வைத்தே அது எழுதப்பட்டது.

புளத்கொகுபிட்டியச் சுற்றுவட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் சிலர் நாங்கள். சென்ற ஆகஸ்டு விடுமுறையில், மக்களோடு பழகுவதே நோக்கம் என அறிவித்துப் புறப்பட்ட முற்போக்கு நண்பர்களின் அணியிற் சேர்ந்து மட்டக்களப்பு வரை ஏழு நாள் பயணம் செய்தோம். எங்களோடு ஆறு மாணவரும் இரண்டு மாணவியரும் வந்தனர். எட்டுப் பேருக்கும் சேர்த்து எங்களால் திரட்ட முடிந்தவை மூன்று வண்டிகள். அவற்றுள் ஒன்று தபால் கொண்டுவரும் அன்பர் இரவல் தந்தது. ஒரு மாதம் மாலைதோறும் பாடசாலை முற்றத்தில் விழுந்தெழுந்து பழகியிருந்தனர் பிள்ளைகள். அரிசி மூட்டையும் பாத்திரங்களும் ஏற்றிய லொறி ஒன்று பின்னால் வந்தது. இரண்டு மணி நேரம் வண்டி, பிறகு லொறி, மீண்டும் வண்டி என்று முறை வைத்துக்கொண்டோம்.

கூட்டாகச் செல்லும் நெடும் பயணத்தின் அன்றாடத்தை அறியாதவர்கள் அதனை வெறும் உல்லாசம் என்பர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவதும், சம்பலுக்குத் தேங்காய் துருவுவதும், ஈரம் காயாத சட்டையையே மீண்டும் அணிந்துகொள்வதும், இரத்தினபுரி மழையிற் பிரேக் பிடிக்காமற் போவதும், பெலிஹுல்ஓயாவைக் கடந்த ஏற்றத்தில் வண்டியைத் தோளாலே தள்ளுவதும் உல்லாசமாயின், அவ்வாறே இருக்கட்டும். இரவிற் படுக்க ஒருநாள் பாடசாலை மண்டபம், மறுநாள் கோயில் மடம். யார் சமைப்பது, யார் கழுவுவது, முன்னே செல்பவன் பின்தங்கியவனுக்காக எந்தத் திருப்பத்தில் நிற்பது? இவற்றுக்கு விடை காண்கையிலேதான் ஓர் அணியின் குணம் தெரிகிறது. மேடையில் அது தெரிவதில்லை.

எங்கள் அணியின் குணம் இரண்டாம் நாளே தெரிந்தது. பலாங்கொடையை நெருங்குகையில் எங்கள் மூன்று வண்டிகளில் ஒன்றின் அச்சு முறிந்தது. கொழும்பிலிருந்து வந்த நண்பர்களிடம், முறை வைத்து இரண்டு மணி நேரம் வண்டி தரமுடியுமா என்று கேட்டோம். இருவர் மனமுவந்து தந்தனர். மற்றையோருக்கு ஆசன உயரம் மாறிவிடும், கியர் கெட்டுவிடும், பழகாத கை என்று காரணங்கள் பல. முந்திய இரவு உடைமையின் தோற்றம் பற்றி ஒரு மணி நேரம் எங்களுக்கு உரை நிகழ்த்திய அன்பர், அன்றிரவு தமது வண்டிக்கு இரட்டைப் பூட்டுப் போட்டார்! லொறியில் இருந்த மாணவன் ஒருவன் அமைதியாகச் சொன்னான்: "விடுங்க சேர், எங்க லயத்துல யாருகிட்டயும் சைக்கிளே கெடையாது. நாங்க நடந்தே பழகினவங்க."

இந்தச் சிறு சங்கடமே இவ்வாண்டு விதியாக வளர்ந்திருக்கிறது. மலைநாட்டில் துவிச்சக்கரவண்டிப் பழக்கம் இல்லை, அதற்கு நாங்கள் என்ன செய்வது என்று ஒழுங்கமைப்பாளர் வினவுகின்றனர்.

அன்பர்களே, உங்கள் வண்டி எதன் மீது ஓடுகிறது? 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்று ஊன்றப்பட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லொப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதன் பின்னர் ஐரோப்பியரின் துவிச்சக்கரவண்டி மோகம் இறப்பருக்காக உலகையே துருவியது. கொங்கோவில் லியோபோல்ட் மன்னனின் ஆட்சி இறப்பர் குறைந்த ஊர்களில் மனிதரின் கைகளை வெட்டியது. இங்கே களனிப் பள்ளத்தாக்கின் சரிவுகள் இறப்பர்க் காடாயின. அக்காட்டுக்குள் இருள் பிரியுமுன் நுழைந்து, பட்டை சீவி, சிரட்டை ஏந்திப் பால் எடுத்த கைகள் எங்கள் மாணவரின் பாட்டன் பாட்டியருடையவை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால் இல்லையேல் பேரும் இல்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2021இல் வர்த்தமானியில் ஏறுவதற்கே எத்தனை ஆண்டுகள் பிடித்தன! டயருக்குப் பால் தந்த குடும்பத்தில் டயர் இல்லை. அது பழக்கத்தின் குறை என்று சொல்ல நா கூசவேண்டாமா?

வண்டி இல்லாதவனை விலக்குவது துவிச்சக்கரவண்டி இயக்கத்தின் மரபும் அன்று. 1894இல் பர்மிங்ஹாமில் தோன்றிய கிளாரியன் சங்கத்தார் வார இறுதியில் ஊரூராய்ச் சென்று சோசலிசப் பிரசுரம் வழங்கினர். செருமானியத் தொழிலாளர் 1896இல் அமைத்த துவிச்சக்கரவண்டிச் சங்கத்தை 1933இல் நாசிகள் தடைசெய்தனர். வெறும் உல்லாசத்தைக் கண்டு எந்தச் சர்வாதிகாரியும் அஞ்சுவதில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கத்தார், கல்லுடைக்கும் பெண்களுக்கும் வயற்கூலிப் பெண்களுக்கும் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தனர். சொந்த வண்டி உண்டா என்று கேட்டுவிட்டா அவர்களைச் சேர்த்தனர்? இரவல் வண்டியிலும் வாடகை வண்டியிலும் பழகி, தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அப்பெண்கள் சாலைக்கு வந்தனர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான்காம் நாள் ஹல்துமுல்லையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்குகையில் அணியின் பெரும்பகுதி நிற்காமற் பறந்துவிட்டது. இறக்கம் இனிமையானது; நாங்கள் மறுக்கவில்லை. ஆயின் அந்தச் சாலைக்கு மேலேதான் 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையின் லயங்கள் மண்ணுள் மறைந்தன. எங்கள் மாணவர் நின்றனர். யாரும் சொல்லி நிற்கவில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாட்களில், புளத்கொகுபிட்டியவின் களுபஹனவில் லயங்களின் மேலும் மண் சரிந்தது. அந்த மழையை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். மாணவி ஒருத்தி, நெடுநேரம் மேலே பார்த்திருந்துவிட்டு, "நம்ம மலை மாதிரியேதான் இருக்கு" என்றாள். வெல்லவாயவில் எங்களுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்த நண்பர்கள் தாமதத்திற்காகக் கடிந்துகொண்டனர். இவ்வாண்டு அறிக்கையில் பயண ஒழுங்கைக் குலைத்தோர் என்று குறிக்கப்பட்டிருப்பதும் நாங்களே.

அந்த ஏழு நாளில் மக்களோடு பழகியவர் யார்? வேகமாய்ச் சென்றவரா, லொறியில் அமர்ந்து வழிநெடுகத் தேநீர்க் கடைக்காரரோடும் வயல் வேலை செய்வோரோடும் சிங்களத்திற் பேசிக்கொண்டு வந்த எங்கள் பிள்ளைகளா? பொத்துவிலுக்கு அப்பால் சமவெளியில், அவர்களுள் இளையவன் இரண்டு மணி நேரத்தில் இறங்க மறுத்து நான்கு மணி நேரம் மிதித்தான். அதையும் விதிமீறல் என்று எழுதிக்கொள்ளலாம்!

மூன்றாம் விதியை நீக்குங்கள். அதனிடத்தில், இருக்கும் வண்டிகள் யாவும் பயணம் முடியும்வரை அணிக்குப் பொது என்று எழுதுங்கள். எழுத மனமில்லையாயின், நோக்கம் என்ற தலைப்பின் கீழுள்ள மக்களோடு பழகுதல் என்ற வரியையாவது அடித்துவிடுங்கள். இவ்வாண்டு பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கின்றனர், ஐவர் மாணவியர். பட்டியலை ஒழுங்கமைப்பாளருக்கு அனுப்பிவிட்டோம். வண்டிகள் இப்போது நான்கு. ஒன்றின் பின் டயர் வழுவழுத்துவிட்டது. புதியது வாங்கப் பணம் சேர்க்கிறோம்.