ஒளிவாளுக்கு நுரையீரல் விலையா?

கல்ச்சுரல்ஸுக்கு விண்வெளித் துப்பாக்கி செய்யும் மக்களே, ஒரு நிமிஷம்! பிவிசி குழாயை நெருப்பில் காட்டி வளைப்பதுதான் மலிவு என்கிறீர்கள். அது கருகினால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. ஈரத்தில் கரைந்தால் அமிலம். நம் மூச்சுக்குழாய் முழுக்க ஈரம்தான். கைக்குட்டை கட்டினால் தூசி நிற்கலாம், வாயு நிற்காது. "ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு பயமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கூத்துக்குச் சிரைத்த மீசையாவது மறுபடி முளைக்கும். நுரையீரல்? அறையில் உங்களோடு பக்கத்துக் கட்டில்காரனும்தானே மூச்சு விடுகிறான்!

1977-ல் வந்த ஸ்டார் வார்ஸில் லூக்கின் ஒளிவாளே பழைய கேமரா ஃபிளாஷின் கைப்பிடிதான். நமக்கு அட்டை, ஃபெவிகால், பழைய டார்ச் போதாதா? காமர்ஸ்காரர்களுக்குத் தெரியாததா, கணக்கில் எழுதாத செலவு லாபமாகிவிடாது.