ஒலிவ மலையில் ஒரு முற்பகல்



திருப்பயணம் செல்லும் குடும்பங்களுக்கு வழித்துணையாகப் போகும் குருவுக்கு வரும் பெருஞ்சோதனை எது என்று என்னைக் கேட்டால், கைக்கடிகாரம் என்பேன். 2019ஆம் ஆண்டு தவக்காலத்தில் எங்கள் பங்கிலிருந்து ஏழு குடும்பங்கள், மொத்தம் 31 பேர், புனித நாடு சென்றோம். எருசலேமில் இரண்டாம் நாள் முற்பகல் ஒலிவ மலைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அங்குள்ள ஆலயங்கள் நண்பகலையொட்டிக் கதவடைத்துப் பிற்பகலில்தான் மீண்டும் திறக்கும். பேருந்து உச்சியில் இறக்கிவிட, குருத்து ஞாயிறன்று ஆண்டவர் வந்த வழி என மரபு கூறும் செங்குத்தான பாதையில் நாங்கள் நடந்து இறங்க வேண்டும். "மூன்று கோவில்களையும் பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம்" என்று நான்தான் சொன்னேன். "முடித்துவிடலாம்" என்ற அச்சொல்லை இப்போது எழுதக் கூசுகிறது.

முதலாவது, கர்த்தர் கற்பித்த செபத்தின் ஆலயம். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் மன்னர் இங்கிருந்த குகையின்மேல் எழுப்பிய பேராலயத்தைப் பாரசீகர் 614இல் அழித்தனர். பிற்காலத்தில் பிரெஞ்சு இளவரசி ஒருவர் இந்நிலத்தை வாங்கிச் சுற்றுமண்டபம் எழுப்பினார். கார்மேல் கன்னியர் மடமும் அமைந்தது. பழைய பேராலயத்தை மீண்டும் கட்டும் முயற்சி 1915இல் தொடங்கி, பணமின்றி 1927இல் நின்றுபோயிற்று. ஆகவே இன்றும் கூரையின்றி வானம் பார்த்து நிற்கிறது. எனக்கென்னவோ அந்த முடியாத கோவிலே பிடித்திருந்தது.

இவ்வாலயத்தின் சிறப்பு அதன் சுவர்களே. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பரலோக மந்திரம் ஓடுகளில் எழுதிப் பதிக்கப்பட்டுள்ளது. தமிழும் உண்டு. எங்கள் கூட்டம் அதைக் கண்டுபிடித்ததும் ஆரவாரம் செய்து, குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டது. நானும் நின்றேன்.

வாசலில் தலைகளை எண்ணியபோது இருவர் குறைந்தனர். சற்றே எரிச்சலுடன் திரும்பிச் சென்றேன். தமிழ் ஓட்டின் முன்னே, எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவரும் அவருடைய பதினொரு வயதுப் பேரனும் நின்றிருந்தனர்.

"சாமி, இதுதானே நம்ம எழுத்து?" என்றார் அவர்.

"ஆமாம்மா. வாருங்கள், நேரமாகிறது."

"இவனைப் படிக்கச் சொல்றேன், படிக்க மாட்டேங்கிறான்."

பையன் தலைகுனிந்தான். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது அப்பாயி." தந்தையின் பணி நிமித்தம் புனே நகரில் பிறந்து வளர்ந்தவன். ஆங்கில ஓட்டைச் சற்றுமுன் உரக்கப் படித்தவனும் அவனே. அவர்கள் இல்லத்தில் இரவு செபம் ஆங்கிலத்தில்தான் நடக்கும்; அப்பாயி அங்கே போகும் நாட்களில் தனியே ஓர் மூலையில் அமர்ந்து தம் செபமாலையைச் சொல்லிக்கொள்வாராம். பயணத்தின் முதல் நாள் இதை அவர் சொன்னபோது, நான் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

நானே படித்துக் காட்டிவிட்டு இருவரையும் கிளப்பிக்கொண்டு போகலாம் என எண்ணி வாயெடுத்தேன். மூதாட்டி கையமர்த்தினார்.

"இருங்க சாமி. தம்பி, படிக்கத் தெரியாட்டிப் போகுது. எனக்கு மட்டும் தெரியுமா? பள்ளிக்கூடத்து வாசலையே மிதிச்சதில்ல. நான் சொல்றேன், நீ பின்னால சொல்லு."

சுவரில் கைவைத்துக்கொண்டு அவர் சொல்ல, அவன் சொன்னான். அன்றாட உணவு கேட்கும் இடத்தில் தடுமாறினான். பொறுத்தலைப் பற்றிய வரி அவன் நாவில் நிற்கவே இல்லை, மூன்றுமுறை சொல்லிக்கொடுத்தார். தேடிவந்த தந்தை சற்றுத் தள்ளி நின்றார். கழுத்தில் புகைப்படக் கருவி தொங்கியது; அவர் அதைத் தொடவில்லை.

வழியில் யூதர்களின் கல்லறைகள் மலைச்சரிவை மூடிக்கிடந்தன. அவற்றின்மேல் கூழாங்கற்கள் ஏன் என்று கேட்டவர்களுக்கு, நாம் மலர் வைப்பது போலத்தான் என்று நடந்துகொண்டே சொன்னேன். ஆயினும் ஆண்டவர் அழுத ஆலயத்தை அடைந்தபோது வாயிற்கதவு அடைபட்டிருந்தது. பீடத்தின் பின்னுள்ள சன்னல் வழியே எருசலேம் தெரியும் காட்சியை முந்திய இரவு நான் விரிவாக வருணித்திருந்தேன். "இவ்வளவு பணம் கட்டி வந்தோமே, ஃபாதர்" என்றார் ஒரு குடும்பத் தலைவர். தவறு என்னுடையது என்றேன். தாமதத்தின் காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

பிற்பகலில் கெத்சமனித் தோட்டம் கண்டோம். ஆண்டவர் காலத்து மரங்களா என்று எல்லாரும் கேட்டனர். அங்குள்ள எட்டு ஒலிவ மரங்களுள் மூன்றின் தண்டுகள் ஏறக்குறைய 900 ஆண்டுப் பழமையுடையவை என 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வேர்களின் வயது அதனினும் மிகுந்திருக்கலாம். சிலருக்கு இது ஏமாற்றமாயிற்று.

விடுதிக்குத் திரும்புகையில் பேருந்தில் பெரும்பாலோர் உறங்கிவிட்டனர். எனக்கு முன் இருக்கையில் பையன் மெல்லக் கேட்பது காதில் விழுந்தது:

"அப்பாயி, பொறுக்கிறதுக்கு அப்புறம் என்ன?"